வேகப் படகு வாங்குகிறவர் யார் பேச்சைக் கேட்பது?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது தமிழர் பழமொழி. அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்துக் கடற்கரைச் சீமான்கள் இதைக் கேட்டால், "படகையும் வாங்கிப் பார்!" என்று சேர்த்துக்கொள்வார்கள். அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சு வெகு நாளாக வழங்குகிறது. படகுக்காரன் வாழ்வில் மகிழ்ச்சியான நாட்கள் இரண்டாம். ஒன்று படகு வாங்கிய நாள். மற்றொன்று அதை விற்றுத் தொலைத்த நாள்!

இந்தப் பேச்சு எல்லாப் படகுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு வகைப் படகுக்கு மட்டும் சற்று அதிகமாகவே பொருந்தும். அதுதான் ஆழ்கடல் வேகப் படகு.

இது மீன் பிடிக்கிற படகு அல்ல. ஏரியில் உல்லாசமாக மிதக்கிற படகும் அல்ல. கரை கண்ணுக்கு மறைந்த கடலில் மணிக்கு 60 மைல், 70 மைல், 80 மைல் என்று பறக்கிற படகு. நீளம் 30 அடியிலிருந்து 50 அடி வரை இருக்கும். இரண்டு, மூன்று, நான்கு யந்திரங்கள் கூட உண்டு. பழைய படகு என்றால் ஒரு நல்ல காரின் விலைக்குக் கிடைக்கலாம். புதிதாகச் செய்த பெரிய படகுகளிலே பத்து லட்சம் டாலரைத் தாண்டுபவை இருக்கின்றன.

இத்தனை பணத்தைக் கடலில் கொட்டப் போகிறவர் யாரிடம் யோசனை கேட்பார்? விற்கிறவனிடம் கேட்டால் சரக்கைப் புகழத்தான் செய்வான். ஆகவே ஏற்கெனவே வாங்கி ஓட்டுகிறவரைத் தேடிப் போகிறார். படகுத் துறையில் சொந்தக்காரர்களுக்கா பஞ்சம்? கேட்டது ஒரு கேள்வி. வருவது ஒன்பது பதில். ஒற்றை அடிப்பாகம்தான் கடலுக்கு உகந்தது என்பார் ஒருவர். இரட்டை அடிப்பாகம் இல்லாதது படகே அல்ல என்பார் இன்னொருவர். யந்திரம் உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி; வெளியே தொங்க வேண்டும் என்று எதிர்க் கட்சி. கேட்கப் போனவர் தலை சுற்றித் திரும்புவார்.

சொந்தக்காரர் அபிப்பிராயத்தைக் கேட்பது தவறு அல்ல. ஆனால் எதைப் பற்றிய அபிப்பிராயம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. வீட்டை அடமானம் வைத்துப் படகு வாங்கினவர், அது சரியில்லை என்று முதல் வருஷத்தில் வாய் திறந்து சொல்வாரா? முதலில் வேகத்தைத்தான் சொல்வார். "எண்பது மைல்!" என்பார்.

எந்த எண்பது மைல்? காற்று இல்லாத காலை நேரம். கடல் கண்ணாடி போல் கிடக்கிறது. தொட்டியில் கால் பங்கு பெட்ரோல். படகில் அவர் ஒருவர்தான். மனைவி இல்லை, மக்கள் இல்லை, சாப்பாட்டுக் கூடையும் இல்லை. அன்றைக்கு எண்பது மைல் போயிருக்கும். அது பொய் அல்ல. ஆனால் அந்த ஒரு காலைக்காகவா ஒருவர் ஆழ்கடல் படகு வாங்குகிறார்?

திரும்பி வரும் வழி

மியாமி நகரத்துப் படகுக்காரர்களுக்குப் பிரியமான பிரயாணம் ஒன்று உண்டு. சுமார் 50 மைல் கிழக்கே, பஹாமாஸ் நாட்டைச் சேர்ந்த பிமினி என்ற சின்னத் தீவு. காலையில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய், மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, மாலையில் வீடு திரும்பலாம் என்பது கணக்கு.

நடுவிலே ஒரு சங்கதி இருக்கிறது. மியாமிக்கும் பிமினிக்கும் இடையே வளைகுடா நீரோட்டம் என்ற பெரிய ஆறு கடலுக்குள்ளேயே வடக்கு நோக்கி ஓடுகிறது. காற்றும் தெற்கிலிருந்து வீசினால் தொல்லை இல்லை. காற்று திரும்பி வடக்கிலிருந்து வீசத் தொடங்கினால், நீர் ஒரு பக்கம் போக, காற்று மறு பக்கம் தள்ள, அலைகள் சுவர் போல் எழும்பி நிற்கும். ஒரு அலைக்கும் மறு அலைக்கும் இடைவெளியே இராது. காலையில் ஒரு மணி நேரத்தில் போன படகு, மாலையில் நாலு மணி நேரம் தவழ்ந்து வரும். ஒவ்வொரு அலையிலும் படகின் அடிப்பாகம் தண்ணீரில் மோதுவது, பாறையில் மோதுவது போல் முதுகெலும்பில் தெரியும்.

வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது இந்தப் பிரயாணத்தைப் பற்றித்தான். "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டால் பெருமை வரும். "கடைசியாக எப்போது பயந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போது வரும் பதிலிலே படகின் ஜாதகமே இருக்கும். மூக்கு அலையில் புதைந்ததா, தண்ணீர் உள்ளே ஏறியதா, திரும்பும்போது பின்புறம் வழுக்கியதா, ஒரு யந்திரம் நின்றபோது மற்றொன்று கரை சேர்த்ததா என்பதெல்லாம் அனுபவித்தவர் மட்டுமே சொல்லக் கூடியவை. இவற்றை எந்த விளம்பரமும் அச்சிடாது.

இந்தப் படகுகள் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1960ஆம் ஆண்டு மியாமியிலிருந்து பஹாமாஸின் தலைநகரான நாசோவுக்கு, சுமார் 180 மைல் தூரம் ஒரு படகுப் பந்தயம் நடந்தது. அன்று பலத்த காற்று, கடல் கொந்தளித்தது. அதுவரை வேகப் படகு என்றால் அடிப்பாகம் பின்னால் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். தட்டையான படகு அமைதியான நீரில் நன்றாக வழுக்கிக்கொண்டு ஓடும். அலையில் சிக்கினால் பலகை உடையும், இல்லையேல் ஓட்டுபவர் இடுப்பு உடையும்.

அந்தப் பந்தயத்தில் டிக் பெர்ட்ராம் என்பவர் 'மோப்பி' என்ற மரப் படகைக் கொண்டுவந்தார். மோப்பி என்பது அவர் மனைவியின் செல்லப் பெயர். படகை வரைந்தவர் ரே ஹன்ட் என்ற நிபுணர். ஹன்ட் செய்த புதுமை, கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். படகின் அடியை ஆங்கில 'வி' எழுத்தைப் போல் கூராக்கி, அந்தக் கூரை மூக்கோடு நிறுத்தாமல் பின்புறம் வரை கொண்டுபோனார். நடுவிலிருந்து இரு பக்கமும் சுமார் 24 டிகிரி சரிந்து ஏறும். தட்டை அடிப்பாகம் அலையை அறையும். இந்தக் கூர் அடிப்பாகம் கத்தி போல் அலையைப் பிளந்து இறங்கும். மோப்பி எட்டு மணி நேரத்தில் நாசோவை அடைந்துவிட்டது. இரண்டாவதாக வந்ததும் ஹன்ட் வரைந்த இன்னொரு படகே. மூன்றாவது படகு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது!

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அமைதியான நீரில் அந்தப் பந்தயம் நடந்திருந்தால் மோப்பியின் பெயர் இவ்வளவு பிரபலமாகியிருக்குமா என்பது சந்தேகமே. கூர் அடிப்பாகத்தைத் தள்ள அதிக யந்திர சக்தி வேண்டும். நிறுத்தி வைத்தால் தொட்டில் போல் ஆடும். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். வாந்தி எடுத்த விருந்தினர்கள் கதையும் சொல்கிறார்கள். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் ஆழ்கடல் படகுகளில் பெரும்பாலானவை அந்த அடிப்பாகத்தையே வைத்திருக்கின்றன என்றால், காரணம் இல்லாமலா?

கட்டுமரம் என்ற பெயரில்

இரட்டை அடிப்பாகம் உள்ள படகை ஆங்கிலத்தில் 'கேடமரன்' என்கிறார்கள். இது தமிழிலிருந்து போன சொல் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சோழமண்டலக் கடற்கரையின் கட்டுமரம், மரங்களைச் சேர்த்துக் கட்டியது. நடுவிலே காலி இடம் கிடையாது. அமெரிக்கக் கேடமரன் இரண்டு ஒடுங்கிய படகுகளை அக்கம்பக்கமாக வைத்து மேலே தளம் போட்டது. பெயர் மட்டும்தான் கடல் கடந்து போயிருக்கிறது!

இரண்டு அடிப்பாகத்துக்கும் நடுவே காற்று புகுந்து படகைத் தூக்கிக் கொடுக்கும். அதனால் நீரின் உராய்வு குறைந்து, அதே யந்திர சக்தியில் இது ஒற்றைப் படகை முந்திவிடும். திரும்பும்போதும் அதிகம் சாயாது. இவ்வளவும் உண்மை. ஆனால் தூக்குகிற காற்று, அளவுக்கு மிஞ்சினால் கவிழ்த்தும் விடும். 1990 அக்டோபர் 3ஆம் தேதி, மொனாக்கோ இளவரசி கரோலினின் கணவரான ஸ்டெபானோ காசிராகி, மொனாக்கோவை அடுத்த கடலில் நடந்த உலகப் பந்தயத்தில் இறந்தார். அவர் ஓட்டியது இரட்டை அடிப்பாகப் படகு. வயது முப்பதுதான். முந்தைய ஆண்டின் உலக சாம்பியன் அவர்.

ஒற்றைப் படகு மட்டும் பரம சாது என்று நினைத்துவிடக் கூடாது. நீர் உராய்வைக் குறைப்பதற்காக அடிப்பாகத்தில் படிக்கட்டுப் போல் வெட்டு வைக்கிறார்கள். பெட்ரோலும் மிச்சம், வேகமும் கூடும். ஆனால் வேகத்தைக் குறைக்காமல், அல்லது மூக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு சட்டென்று திருப்பினால், சில படகுகள் பம்பரம் போல் சுழன்று ஆட்களை வெளியே எறிந்துவிடும். "என் படகு அப்படிச் செய்யாது" என்கிற சொந்தக்காரர், அதை அவ்வாறு இன்னும் திருப்பவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டான் ஆரனோ என்பவர் நியூ ஜெர்சியில் கட்டிடத் தொழிலில் பணம் சேர்த்துவிட்டு மியாமியில் குடியேறினார். 1960களில் பார்முலா, டான்சி, மேக்னம், சிகரெட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படகுக் கம்பெனிகளைத் தொடங்கினார். தானே பந்தயத்தில் ஓட்டி ஜெயிப்பார். ஜெயித்த மறு வாரம் ஊர் வந்து படகு கேட்கும். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ் கூட 'சிகரெட்' படகு ஒன்று வைத்திருந்தார். கடத்தல்காரர்களும் அதே வேகத்துக்காக இத்தகைய படகுகளைத் தேடினார்கள். அவர்களைத் துரத்துவதற்குச் சுங்க இலாகாவும் ஆரனோவிடமே படகு வாங்கியது! 1987 பிப்ரவரி 3ஆம் தேதி, தன் தொழிற்சாலைகள் வரிசையாக இருந்த அதே தெருவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயரின் கவர்ச்சி இன்றும் குறையவில்லை. ஆனால் பந்தயத்தில் ஜெயித்த படகும், அதே பெயரோடு குடும்பத்துக்காக விற்கப்படும் படகும் ஒன்றல்ல. ஓட்டுகிற கை நிச்சயமாக ஒன்றல்ல.

யந்திரச் சண்டை

யந்திரம் உள்ளேயா, வெளியேயா என்ற சண்டைக்குத் துறைமுகங்களில் முடிவே கிடையாது. முன்பெல்லாம் பெரிய பெட்ரோல் யந்திரத்தைப் படகுக்குள்ளே ஒரு பெட்டியில் வைத்து மூடுவார்கள். பார்வைக்கு அழகு, கனம் தாழ்வாக இருப்பதால் படகு நிதானமாக நிற்கும். இடைஞ்சல் என்னவென்றால், பெட்ரோல் ஆவி அந்தப் பெட்டிக்குள் தேங்கும். கிளப்புவதற்கு முன் குறைந்தது நாலு நிமிஷம் விசிறியை ஓடவிட்டு ஆவியை வெளியேற்ற வேண்டும். அவசரக்காரனுக்கு அந்த நாலு நிமிஷம் நாலு யுகம். அவசரப்பட்டு வெடித்த படகுகள் உண்டு.

இப்போது காற்று வெளியே தொங்கும் யந்திரத்தின் பக்கம் வீசுகிறது. 2021ஆம் ஆண்டு மெர்க்குரி கம்பெனி 600 குதிரைச் சக்தி உள்ள பன்னிரண்டு சிலிண்டர் யந்திரத்தைக் கொண்டுவந்தது. இத்தகைய மூன்றை வரிசையாக மாட்டினால் 1,800 குதிரைகள்! துறை வந்ததும் உப்பு நீருக்கு மேலே தூக்கி வைத்துவிடலாம். பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் குதிரைகளுக்குத் தீனி போட வேண்டுமே? பத்துக் குதிரைச் சக்திக்கு மணிக்கு ஒரு காலன் என்பது அங்கே வாய்ப்பாடு. முழு வேகத்தில் அந்த மூன்று யந்திரங்களும் மணிக்கு 600 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

ஒரு யந்திரம் நின்றால் மற்றொன்று கரை சேர்க்கும், அதனால் இரண்டு வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்வது நியாயமே. ஆனால் இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து குடித்தால்? பெட்ரோலில் தண்ணீர் கலந்த அன்று இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

பழைய படகு வாங்குகிறவர் இந்தச் சண்டையில் எல்லாம் தலையிடாமல், விற்பவருக்கு வேண்டாத ஒரு நிபுணரைச் சம்பளம் கொடுத்து அழைத்து வருவது நலம். அவர் சின்னச் சுத்தியலால் படகைத் தட்டிக்கொண்டே போவார். கண்ணாடி இழைக்கு உள்ளே இருக்கும் மரம் ஊறிப் போயிருந்தால் ஓசை மந்தமாக வரும். யந்திரம் தொங்கும் பின்சுவரில் அந்த ஓசை வந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். "மொத்தம் முந்நூறு மணி நேரம்தான் ஓடியது" என்று பெருமையாகச் சொல்வார்கள். காருக்கு அது அற்பம். கடுமையாக ஓட்டப்பட்ட பந்தய ரக யந்திரத்தைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய காலமே அதுவாக இருக்கலாம்.

சட்டம் விட்ட இடம்

இதுவரை சொன்னது பணத்தைப் பற்றியது. உயிரைப் பற்றிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதிலே சொந்தக்காரர்களின் அபிப்பிராயத்தை ஏற்றுக்கொள்ள முடியாது.

ஓட்டுபவரின் உடம்பில் ஒரு கயிறு. அதன் மறு முனை யந்திரத்தின் விசையில். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு யந்திரம் நின்றுவிடும். கயிறு இல்லாவிட்டால் ஆள் இல்லாத படகு வட்டம் போட்டு வந்து, நீரில் விழுந்தவர் மேலேயே ஏறும். சில டாலர் விலையுள்ள கயிறு இது. 2021 ஏப்ரல் 1 முதல் இதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் சொல்கிறது. எந்தப் படகுக்கு? 26 அடிக்குக் குறைந்த படகுக்கு!

அதாவது, கரையோரம் தூண்டில் போடுகிற சின்னப் படகுக்காரர் கயிறு கட்ட வேண்டும். 40 அடிப் படகில் 1,800 குதிரைச் சக்தியோடு பறக்கிறவரை அந்தச் சட்டம் கேட்காது. வேகம் குறைந்த இடத்தில் விலங்கு, வேகம் மிகுந்த இடத்தில் விடுதலை! பெரிய படகில் இருக்கை ஆழமானது, யாரும் வெளியே விழ மாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் வாதாடுகிறார்கள். பம்பரமாகச் சுழன்ற படகுகளிலும் இருக்கைகள் இருந்தன.

இன்னொன்று. புளோரிடாவில் 1988 ஜனவரி 1ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் மட்டுமே படகு ஓட்டுவதற்குப் பாதுகாப்புப் பாடம் படித்து அட்டை பெற வேண்டும். அதற்கு முன் பிறந்தவருக்கு ஒன்றும் வேண்டாம். காலையில் பணத்தைக் கட்டிவிட்டு மாலையில் ஆழ்கடலுக்குப் போகலாம். இவ்வகைப் படகு வாங்குகிற அளவுக்குப் பணம் சேருவது யாருக்கு? பெரும்பாலும் நடு வயதைக் கடந்தவர்களுக்குத்தானே! கார் ஓட்டப் பரீட்சை உண்டு. கடலில் கார் வேகத்தில் போக ஒரு பரீட்சையும் இல்லை. சட்டம் செய்தவர்கள் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்தே தீர வேண்டும். நீளத்தைப் பார்த்து அல்ல, வேகத்தைப் பார்த்துக் கயிறு. பிறந்த தேதியைப் பார்த்து அல்ல, யந்திரத்தைப் பார்த்துப் பாடம்.

கைதேர்ந்தவர்களையே கடல் விட்டதில்லை. டிடியே பிரோனி, பெராரி கார் ஓட்டிப் புகழ் பெற்ற பிரெஞ்சுக்காரர். 1987 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே ஒரு பந்தயத்தில், எண்ணெய்க் கப்பல் ஒன்று எழுப்பிவிட்டுப் போன அலையின் மேல் அவர் படகு ஏறியது. அவரும் தோழர்கள் இருவரும் இறந்தார்கள். மியாமியிலேயே 2016 செப்டம்பர் 25 அன்று இருட்டு நேரத்தில், ஹோசே பெர்னாண்டஸ் என்ற 24 வயதுப் பேஸ்பால் வீரரின் படகு, துறைமுக வாயிலின் கல் தடுப்பில் மோதியது. அதிலிருந்த மூவரும் மாண்டார்கள். படகு 65 மைலுக்கு மேல் வேகத்தில் வந்ததென்றும், ஓட்டியவர் மது அருந்தியிருந்தாரென்றும் விசாரணை அறிக்கை கூறியது. 60 மைல் வேகத்தில் ஒரு விநாடிக்கு 88 அடி நகர்கிறது. இருட்டில் கல்லைக் கண்டு திரும்ப எத்தனை விநாடி கிடைத்திருக்கும்?

அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் கணக்கில், 2023ஆம் ஆண்டில் உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் மூழ்கி இறந்தவர்கள். மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் மிதவைச் சட்டை அணியவில்லை. இது எல்லா வகைப் படகுகளுக்கும் சேர்த்த கணக்கு.

ஆகவே யாருடைய அபிப்பிராயத்தைக் கேட்பது என்று தடுமாறுகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. வடக்குக் காற்று சற்று வீசுகிற நாளாகப் பார்த்து, படகை ஓட்டிக் காட்டும்படி சொந்தக்காரரைக் கேட்கட்டும். "காற்று அடங்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்பவர் ஒரு ரகம். கயிற்றைத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு, மிதவைச் சட்டை ஒன்றை வந்தவரிடம் நீட்டி, அவர் அதைப் போட்டு முடிக்கிற வரை யந்திரத்தைக் கிளப்பாமல் காத்திருப்பவர் இன்னொரு ரகம். அந்த இரண்டாமவர் படகின் குறைகளைச் சொல்லத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளலாம். விலையிலும் அதிகம் பேரம் பேச வேண்டியிராது.